சந்தா பணம் திரும்பி வந்தாலும் அடுத்த மாதப் பிடித்தம் நிற்குமா?

செயலி ஒன்றுக்குச் செலுத்திய மாதச் சந்தா வங்கிக் கணக்குக்குத் திரும்பிவிட்டால், அந்தச் சந்தாவும் முடிந்துவிட்டதாகவே பலர் கருதுகின்றனர். ஆனால், பணத்தைத் திருப்பித் தருவதும் சந்தாவை ரத்து செய்வதும் வெவ்வேறு நடவடிக்கைகள்.

செயலி நிறுவனங்களுக்கு கூகுள் பிளே அளித்துள்ள வசதிகளில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. ஒரு முறையில், பணம் மட்டும் திருப்பி அளிக்கப்படும். சந்தா காலம் முடியும் வரை சேவை தொடரும். அடுத்த தவணையும் வழக்கம்போல் பிடிக்கப்படும். மற்றொரு முறையில், பணம் திருப்பி அளிக்கப்படுவதுடன் சேவை உடனடியாகத் துண்டிக்கப்பட்டு, சந்தாவும் நின்றுவிடும். இவற்றில் எது நடந்தது என்பதை வங்கியின் வரவுக் குறுஞ்செய்தி சொல்லாது. செயலிக் கடையின் சந்தாப் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும்.

வாடிக்கையாளரே சந்தாவை ரத்து செய்தால், பொதுவாகப் பணம் திரும்பாது; கட்டணம் செலுத்திய காலம் முடியும் வரை சேவை கிடைக்கும். கைப்பேசியில் இருந்து செயலியை நீக்கிவிடுவது ரத்து ஆகாது. பெரும்பாலானோர் ஏமாறுவது இங்குதான்.

வங்கி அட்டை, யுபிஐ மூலமான தானியங்கிப் பிடித்தங்களுக்கு 2021 அக்டோபர் 1 முதல் இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. இதன்படி, பிடித்தத்துக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்பப்பட வேண்டும். ரூ.5,000-ஆக இருந்த வரம்பு 2022 ஜூனில் ரூ.15,000-ஆக உயர்த்தப்பட்டது, அதுவரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. முன்னறிவிப்புக்குப் பதில் அளிக்காவிட்டால் ஒப்புதலாகவே கொள்ளப்படும். தேனியில் இருந்து இடுக்கிக்கு ஏறும் போடிமெட்டு போன்ற மலைப்பகுதிகளில், சிக்னல் கிடைக்காத நேரத்தில் அந்தக் குறுஞ்செய்தியைத் தவறவிட்டாலும் பணம் பிடிக்கப்படும்.

எனவே, முதலில் சந்தாவை ரத்து செய்துவிட்டு, பின்னர் பணத்தைத் திருப்பிக் கோருவதே பாதுகாப்பானது. யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியிலும், அட்டை எனில் வங்கியின் வாயிலாகவும் பிடித்த அனுமதியைத் திரும்பப் பெறலாம். ஆனால், இது பணம் போவதை மட்டுமே தடுக்கும்; நிறுவனத்திடம் சந்தாவைத் தனியே ரத்து செய்தாக வேண்டும்.

ரத்து செய்யும் வழியை வேண்டுமென்றே சிக்கலாக்கும் 'சந்தா பொறி', மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடை செய்யப்பட்ட 13 உத்திகளுள் ஒன்று. இதுகுறித்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.