கதை எழுதப் போறீங்களா? முதலில் புள்ளி வையுங்கள்!



கதைப் போட்டின்னு சொன்னதும் நம்மில் பாதிப் பேர் "ஒரு ஊரில் ஒரு ராஜா" என்று ஆரம்பித்து, ஒரு பக்கம் தாண்டுவதற்குள் நின்றுவிடுகிறோம். அடுத்து ராஜா என்ன செய்வார் என்று எழுதுகிற நமக்கே தெரியாது. உடனே ராஜா தூக்கத்திலிருந்து விழிப்பார், நடந்தது எல்லாம் கனவு, முற்றும்! கோலம் போடும்போது முதலில் புள்ளி வைக்கிறோம் இல்லையா? கதைக்கும் அப்படிப் புள்ளி வைக்க ஒரு முறை இருக்கிறது. அதற்கு 'நாயகனின் பயணம்' என்று பெயர்.

இதைச் சொன்னவர் ஜோசப் கேம்பெல் (1904-1987) என்ற அமெரிக்க அறிஞர். அவர் பல நாட்டுப் புராணங்களையும் பாட்டி கதைகளையும் தேடித் தேடிப் படித்தார். ஊர் வேறு, சாமி வேறு, ஆனா கதை நடந்து போகிற பாதை மட்டும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று கண்டு, 1949-ல் 'ஆயிரம் முகம் கொண்ட நாயகன்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். நம்ம புத்தர் கதையும் அதில் வருகிறது. அவர் சொன்னது 17 கட்டங்கள். ஹாலிவுட்டில் வேலை பார்த்த கிறிஸ்டோபர் வோக்லர் என்பவர் அதை 12 ஆகச் சுருக்கி 1992-ல் புத்தகமாக்கினார்.

12-ஐயும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பெரிய பாகம் மூன்றுதான். கிளம்புதல், சோதனை, திரும்புதல்.

நமக்குத் தெரிந்த அனுமனை வைத்துப் பார்ப்போம். சுக்ரீவனிடம் இருக்கிறார். சீதையைத் தேடும் வேலை வருகிறது, இதுதான் 'அழைப்பு'. கடற்கரை வரை போயாச்சு. எதிரே கடல். யார் தாண்டுவது என்று எல்லோரும் பேசும்போது அனுமன் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். தன் பலம் அவருக்கே தெரியவில்லை! ஜாம்பவான்தான் எடுத்துச் சொல்கிறார். அவர்தான் 'வழிகாட்டி'. அப்புறம் ஒரே தாவல். நடுவழியில் சுரசை, நிழலைப் பிடித்து இழுக்கிற சிம்ஹிகை, ஊர் வாசலில் லங்கிணி, எல்லாம் சோதனைகள். இலங்கை முழுக்கத் தேடியும் சீதை கிடைக்காமல் மனசு உடைந்து போகிற இடம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகுதான் அசோகவனம். கடைசியில் சூடாமணியோடு திரும்பி வருகிறார். பாருங்கள், வெறுங்கையோடு வரவில்லை.

இதில் நான் கவனித்த ஒரு விஷயம். ஜாம்பவான் கரையிலேயே நின்றுவிட்டார். வழிகாட்டி கூடவே வந்து எல்லாச் சண்டையும் போட்டால், கதை அவருடையதாகி விடும். நம்ம கதைகளில் முனிவர் வந்து வரம் கொடுத்து எல்லாவற்றையும் முடித்து வைக்கிறாரே, அதனால்தான் அவை சப்பென்று இருக்கின்றன.

சரி, இப்போ புதுசா ஒரு கதைக்குப் புள்ளி வைப்போம். நாயகி பெயர் செல்வி. ஊரில் எட்டாம் வகுப்பு வரைதான் பள்ளி. உயர்நிலைப் பள்ளி ஏழு கிலோமீட்டர் தள்ளி, காலையில் ஒரே பஸ். டி.சி. கைக்கு வருகிறது. அதுதான் அழைப்பு.

அடுத்து 'மறுப்பு'. எந்த நாயகனும் முதலில் தயங்க வேண்டும் என்கிறார்கள். ஆனா செல்வி கதையில் மறுப்பது அவள் இல்லை, அப்பா. "படிச்சது போதும், மில்லுக்குப் போ" என்கிறார். இங்கே நான் ரொம்ப நேரம் யோசித்தேன். அப்பா மட்டும் மறுத்தால் அவர் மனசு மாறுவதுதான் கதை, செல்விக்கு வேலையே இல்லை. அதனால் செல்விக்கும் ஒரு பயம் வைத்தேன். அவள் தனியா பஸ் ஏறியதே கிடையாது. வழிகாட்டியாக சத்துணவு ஆயா வருகிறார். பஸ் நிறுத்தம் வரைக்கும்தான்! பஸ் படிக்கட்டுதான் செல்விக்குக் கடல். பெரிய சோதனைக்கு அரக்கன் வேண்டாம், காலாண்டுத் தேர்வு அன்று பஸ் வரவில்லை என்றாலே போதும்.

பெண்ணை நாயகியாக்கினால் சிலர் சிரிப்பார்கள். மரீன் மர்டாக் என்ற எழுத்தாளர் பெண்ணின் பயணம் எப்படி என்று கேம்பெல்லிடமே கேட்டிருக்கிறார். பெண் பயணம் போக வேண்டியதில்லை, எல்லோரும் போய்ச் சேர நினைக்கும் இடமே அவள்தான் என்பது போல அவர் பதில் சொன்னாராம். இடமா? நாங்க என்ன பஸ் ஸ்டாண்டா? மர்டாக்குக்கும் அது திருப்தியில்லை. 1990-ல் 'நாயகியின் பயணம்' என்று தனியாகப் புத்தகம் எழுதினார்.

நம்ம கண்ணகி புகாரிலிருந்து மதுரை வரை நடந்தாள். கவுந்தியடிகள் வழித்துணை. ஆனா அவள் புகாருக்குத் திரும்பவே இல்லை. அப்போ மூன்றாம் பாகம் எங்கே? கேம்பெல் அளவுக்கு அது பொருந்தாது. பொருந்தாததால் சிலப்பதிகாரம் குறைந்தா போய்விட்டது? புள்ளிக்குள் அடங்காத கோலமும் உண்டு. வழி தெரியாமல் பாதியில் நிற்கிறவர்களுக்குத்தான் இந்தப் புள்ளி.

ஒரு முழுத் தாளை மூன்றாக மடியுங்கள். மடிப்புக்கு ஒரு பாகம். முதலில் கடைசி மடிப்பில் எழுதுங்கள், நாயகன் என்ன கொண்டு வருகிறான் என்று. அது தெரியாமல் கிளப்பினால் அவன் சும்மா சுற்றுவான். பரீட்சையில் முதல் மார்க் என்று எழுதுவது சுலபம், எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். என் தாளில் கடைசி மடிப்பில் இருப்பது இதுதான்: சாயங்கால பஸ்ஸில் செல்வி இறங்குகிறாள். பையில் இலவச பஸ் பாஸ் விண்ணப்பம் ஒன்று இருக்கிறது. அது அவளுக்கு இல்லை, எட்டாவதோடு நின்று மில்லுக்குப் போகும் பக்கத்து வீட்டுத் தோழிக்கு.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி