இல்லாத நாள் செய்யும் தொல்லை

நூறால் வகுபடும் ஆண்டு, நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டாகும். இது கிரிகோரியன் நாட்காட்டியின் விதி. இதன்படி 2000 லீப் ஆண்டு. 1900 லீப் ஆண்டு அன்று. எனவே அந்நாட்காட்டியில் 1900 பிப்ரவரி 29 என்றொரு நாளே கிடையாது. ஆனால் எக்செல் விரிதாளில் அந்த நாள் இன்றும் இருக்கிறது! அது எப்படி வந்தது என்று பார்ப்போம்.

விரிதாளில் நாம் தேதியை எழுதினாலும், கணினி அதனை ஓர் எண்ணாகவே வைத்துக்கொள்கிறது. எக்செல்லில் 1900 ஜனவரி 1 என்பது 1. ஜனவரி 2 என்பது 2. இவ்வாறு எண்ணிச் சென்றால் பிப்ரவரி 28-க்கு 59 வரும். மார்ச் 1-க்கு 60 வரவேண்டும் அல்லவா? வருவதோ 61. இடையிலுள்ள 60, இல்லாத அந்த பிப்ரவரி 29-க்குப் போய்விட்டது.

1983-இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாள், 1900-ஐ லீப் ஆண்டாகக் கொண்டது. பின்னர் வந்த எக்செல், லோட்டஸ் கோப்புகளைப் படிக்க வசதியாக அதே கணக்கை ஏற்றுக்கொண்டது. இப்போது திருத்தினால் பழைய கோப்புகளின் தேதிகள் எல்லாம் ஒரு நாள் நகர்ந்துவிடும். ஆகவே பிழை அப்படியே நிற்கிறது.

விரிதாளுக்குள்ளேயே இருக்கும்வரை தொல்லை பெரிதில்லை. எண்ணை மட்டும் தரவுத்தளத்திற்கு மாற்றும்போதுதான் சிக்கல் எழுகிறது. எடுத்துக்காட்டாக, 45000 என்ற எண்ணை எக்செல் 2023 மார்ச் 15 எனக் காட்டும். எஸ்.க்யூ.எல். சர்வர் அதே எண்ணை மார்ச் 17 எனக் கொள்ளும். இரண்டு நாள் வேறுபாடு ஏன்? அத்தரவுத்தளம் 1900 ஜனவரி 1-ஐச் சுழியாகக் கொள்வதால் ஒரு நாள். இல்லாத பிப்ரவரி 29-ஐ அது எண்ணாததால் மற்றொரு நாள். மெக்கின்டாஷ் கணினிகளுக்கான பழைய எக்செல்லோ 1904 ஜனவரி 1-ஐச் சுழியாகக் கொண்டது. அதில் 45000 என்பது 2027 மார்ச் 16. வேறுபாடு 1462 நாட்கள்!

வெப்பநிலை 300 என்று மட்டும் சொன்னால் பொருள் விளங்குமா? 300 கெல்வின் என்பது நம் அறையின் வெப்பநிலை. 300 செல்சியஸில் ஈயம் உருகும் நிலையை நெருங்கிவிடும். தேதியும் அப்படித்தான். எங்கிருந்து எண்ணினோம் என்று தெரியாவிட்டால் எண்ணுக்குப் பொருளில்லை.

நான்கு ஆண்டுப் பிழை எளிதில் கண்ணில் பட்டுவிடும். இரண்டு நாள் பிழைதான் ஆபத்தானது. அது உண்மை போலவே தோன்றும். ஒரு தொற்றுநோய் எந்த நாளில் தொடங்கியது, ஒரு குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எப்போது என்பனவற்றில் இரண்டு நாள் சிறிய அளவா?

இதற்குத் தீர்வு எளிது. எண்ணாக அனுப்பாமல் 2023-03-15 என ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுத்தாக அனுப்ப வேண்டும். ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் பன்னாட்டுத் தரம் 1988 முதல் கூறுவதும் இதையே. மாற்றியபின், நாம் நன்கறிந்த ஒரு தேதியையாவது சரிபார்ப்பது அவசியம்.

செய்து பாருங்கள்: எக்செல் கட்டம் ஒன்றில் 60 என எழுதி, அதைத் தேதியாக மாற்றுங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் அவ்வாறே செய்யுங்கள். இரண்டும் ஒரே நாளைக் காட்டுகின்றனவா?