வாத்தியம் களவு போனால்?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் கிளியனூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஒரு நிறுத்தம்; அவ்வளவுதான். நாலு பேர் இறங்குவார்கள், ஆறு பேர் ஏறுவார்கள், கண்டக்டர் விசில் ஊதுவார், வண்டி கிளம்பிவிடும். நமக்கோ அது பல வருஷ காலமாகச் சோறு போட்டு வரும் ஊர். அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது நம் தொழில். அந்தப் பஸ்ஸில்தான் சென்ற ஆண்டு நம் பழைய மாணவன் ஒருவனுடைய கிதார் வாத்தியம் களவு போயிற்று.

பையன் திண்டிவனத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் இன்னிசைக் குழுவோடு வாசித்துவிட்டு இரவு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தான். கூட்டம் நெருக்கியபடியால் கிதாரை உறையோடு டிரைவருக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டுப் பின்னால் போய் நின்றான். களைப்பில் கம்பியைப் பிடித்தபடியே கண் அயர்ந்தானாம். கிளியனூரில் இறங்கும்போது வாத்தியத்தைக் காணோம். நடுவழியில் இறங்கிய எவரோ அதையும் இறக்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு கோடை விடுமுறை முழுவதும் ஒரு மளிகைக் கடையில் மூட்டை பிரித்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய கிதார் அது.

மறுநாள் காலை நம்மைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனான். அங்கிருந்த ஏட்டு மரியாதையுள்ள மனிதர். நாற்காலி போடச் சொல்லிவிட்டு, "தம்பி, அடையாளம் என்ன?" என்று கேட்டார்.

"பழுப்பு நிறம், சார். ஆறு கம்பி இருக்கும்."

ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார். கிதார் என்றாலே ஆறு கம்பிதான் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது! கம்பெனிப் பெயர் சொன்னான். வரிசை எண்? தெரியாது. ரசீது? வீட்டில் தேட வேண்டும். புகைப்படம்? கைப்பேசியில் முப்பது படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் பையனுடைய முகம் தெளிவாக இருந்தது. கிதார் பாதிதான் தெரிந்தது. ஏட்டு நல்லவிதமாகவே, "இதே மாதிரி பத்துக் கிதாரைக் கொண்டுவந்து வைத்தால் உன்னுடையது எதுவென்று சொல்வாயா?" என்றார்.

"எடுத்து வாசித்தால் சொல்லிவிடுவேன், சார்" என்றான் பையன்.

இந்தப் பதிலில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அதை எந்தப் புகார் மனுவில் எழுதுவது?

அன்று மாலை இந்த விருத்தாந்தத்தை நம் வீட்டுக்கு அருகில் குடியிருக்கும் ஒரு முதிய நாகஸ்வரக்காரரிடம் சொன்னோம். அவர் உள்ளே போய்த் தம் வாத்தியத்தைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். தஞ்சைச் சீமையில் நரசிங்கன்பேட்டையில் செய்த நாகஸ்வரம். அவ்வூரில் புது மரத்தைத் தொட மாட்டார்கள். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத் தூணும் உத்திரமுந்தான் அவர்களுக்கு வேண்டும். பல தலைமுறை காய்ந்து ஈரமெல்லாம் வற்றிய மரத்தைத்தான் கடைவார்கள். 2022ஆம் ஆண்டில் நரசிங்கன்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெரியவர் உறையைப் பிரித்து, உலவைத் தடவி, கெண்டையைத் திருப்பி, அணசின் விளிம்பில் இருந்த ஒரு சிறு வெட்டைக் காட்டினார். "இது ஒரு சுவாமி புறப்பாட்டில் தீவட்டிக் கம்பு பட்டது, வாத்தியார் ஐயா. இந்த ஏழாவது துளையின் ஓரம் தேய்ந்திருக்கிறது பாருங்கள், அது என் விரல். திருடன் வேறு விரலைக் கொண்டுவந்தால் இது பேசாது" என்றார். வாத்தியத்தோடு கட்டித் தொங்கிய சீவாளிகளில் ஒவ்வொன்றும் எந்த ஊர்க் கச்சேரியில் நன்றாகப் பேசியது என்பதும் அவருக்கு ஞாபகம் இருந்தது. அவர் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை, மனத்திலேயே வைத்திருந்தார். ஆனாலும் ஏட்டு கேட்டிருந்தால் அரைப் பக்கத்துக்கு அடையாளம் சொல்லியிருப்பார்.

நகை களவு போனால் பவுன் கணக்குப் போட்டு வேறு நகை செய்துகொள்ளலாம். வாத்தியத்தின் விஷயம் அப்படியன்று. திருடனுக்குக் கிடைப்பது மரத்தின் விலையோ, உலோகத்தின் விலையோதான். பறிகொடுத்தவருக்குப் போவது வருஷக்கணக்கான உழைப்பில் பழகிய நாதம். இந்த இரண்டு கணக்கும் எவ்வளவு பொருந்தாதவை என்பதற்குக் காசியில் நடந்த சம்பவம் ஒன்று போதும்.

ஷெனாய்ச் சக்கரவர்த்தி உஸ்தாத் பிஸ்மில்லா கானை நம் வாசகர்களுக்கு நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1947 ஆகஸ்டில் தேசம் விடுதலை பெற்ற வேளையில் டில்லி செங்கோட்டையில் ஒலித்தது அவருடைய ஷெனாய். 2001இல் பாரத ரத்னா விருது பெற்றார், 2006இல் காலமானார். அவருக்குப் பெரிய மனிதர்கள் அன்போடு அளித்த வெள்ளி ஷெனாய்கள் காசியில் அவருடைய குடும்பத்தாரிடம் இருந்தன. அவற்றுள் ஒன்று பிரதம மந்திரியாயிருந்த நரசிம்ம ராவ் கொடுத்தது. 2016 டிசம்பரில் அவை களவு போயின. போலீஸார் துப்புத் துலக்கியபோது, 2017 ஜனவரியில், உஸ்தாதின் பேரன் ஒருவரே கைதானார். ஷெனாய்கள் ஒரு நகைக் கடையில் 17,000 ரூபாய்க்கு விற்கப்பட்டிருந்தன. வெள்ளி முழுவதும் உருக்கப்பட்டுவிட்டது. போலீஸார் மீட்ட உருக்கு வெள்ளி சுமார் 1 கிலோ. தராசில் வைத்தால் எடை சரியாகத்தான் இருக்கும். அதை ஊத முடியாது.

பூட்டு உறுதியாக இருந்தால் போதும் என்று எண்ணுகிறவர்கள் இந்தச் செய்தியைச் சற்று யோசிக்க வேண்டும். எந்தப் பூட்டு வீட்டுப் பிள்ளையைத் தடுக்கும்? அருமை தெரியாத வீட்டில் வாத்தியத்துக்குக் காவல் கிடையாது. பாட்டி வாசித்த வீணையை நவராத்திரிக்கு ஒரு தரம் தூசி தட்டிக் கொலுவுக்குப் பக்கத்தில் வைப்பதும், மற்ற நாட்களில் பரண்மேல் பழைய பாய்களுக்கு நடுவே போட்டு வைப்பதும் நம் வீடுகளில் சகஜமாயிருக்கிறது. தஞ்சாவூர் வீணைக்கு 2013இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆயினும் ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையை, இடத்தை அடைக்கிறதென்று பழைய சாமான்காரரிடம் எடை போட்டுக் கொடுத்துவிடும் வீடுகளும் இல்லாமலில்லை. அதைக் களவு என்று சட்டம் சொல்லாது. நாம் வேறு பெயரும் தேட விரும்பவில்லை.

திருடனுக்குப் பொருளின் மதிப்புத் தெரியாது என்பதற்கு மேல்நாட்டில் வேடிக்கையான சான்று ஒன்று உண்டு. 2010ஆம் ஆண்டு லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தின் சிற்றுண்டிக் கடையில் ஒரு பிடில் வித்வாம்சினியின் காலடியிலிருந்த பிடில் பறிபோயிற்று. இத்தாலி தேசத்து ஸ்ட்ராடிவாரி 1696இல் செய்தது. விலை 12 லட்சம் பவுன். திருடியவர்கள் அதை 100 பவுனுக்கு ஒரு பஸ் டிரைவரிடம் விற்கப் பார்த்தார்களாம். அவரோ, தம் மகளிடம் ஏற்கனவே ஒரு குழல் இருக்கிறது, இது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்! மூன்று வருஷங்களுக்குப் பின் பிடில் மீண்டது.

மதிப்புத் தெரிந்த திருடனோ இன்னும் ஆபத்தானவன். 1936 பிப்ரவரி 28ஆம் தேதி நியூயார்க் கார்னகி மண்டபத்தில் ஹூபர்மான் என்ற பிரசித்தி பெற்ற வித்வான் கச்சேரி செய்துகொண்டிருந்தார். அவரிடம் இரண்டு பிடில்கள் இருந்தன. ஒன்று அவர் கையில் மேடையில் ஒலித்தது. 1713இல் ஸ்ட்ராடிவாரி செய்த மற்றொன்று உடை மாற்றும் அறையிலிருந்து மறைந்தது. அதன்பின் சுமார் ஐம்பது ஆண்டுகள் ஆல்ட்மன் என்ற சாதாரணப் பிடில்காரர் அதை விடுதிகளிலும் விருந்துகளிலும் வாசித்துக்கொண்டிருந்தார். அடையாளம் தெரியாமலிருக்க ஜோடுக்குப் போடும் பாலிஷை அதன்மேல் பூசியிருந்தார். 1985இல் மரணத் தறுவாயில்தான் மனைவியிடம் உண்மை வெளிப்பட்டது. ஹூபர்மானோ 1947லேயே இறந்துவிட்டார். அந்த வாத்தியத்தை 2001 முதல் வைத்திருந்து வாசித்து வருபவர் ஜோஷுவா பெல்.

ரோமன் டோட்டன்பர்க் என்ற மற்றொரு வித்வானுக்கும் இதே கதிதான். 1980இல் அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரில் கச்சேரி முடிந்த பிறகு அவருடைய ஸ்ட்ராடிவாரி பிடில் போயிற்று. 2012இல், தம் 101ஆவது வயதில், அதைக் காணாமலே காலமானார். 2015இல் ஒரு ஸ்திரீ, மறைந்த தம் முன்னாள் கணவர் விட்டுச்சென்ற பிடிலை விலை மதிக்கச் சொல்லி ஒரு நிபுணரிடம் கொண்டுவந்தார். அது எந்தப் பிடில் என்பதை நிபுணர் கண்டுகொண்டார். அத்தகைய வாத்தியங்களின் மர ரேகை, வார்னிஷ், பழுது பார்த்த தழும்பு எல்லாம் படத்திலும் எழுத்திலும் பதிவாகியிருப்பதால், வருஷங்கள் எத்தனை கழிந்தாலும் வேஷம் கலைந்துவிடுகிறது.

கிதார் வாசிக்கும் இளைஞர்கள் தங்கள் வாத்தியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று குறைப்படலாம். பீட்டில்ஸ் கோஷ்டியைச் சேர்ந்த பால் மக்கார்ட்னி 1961இல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் சுமார் 30 பவுனுக்கு ஒரு ஹோஃப்னர் பேஸ் கிதார் வாங்கினார். உலகமே கேட்டு மயங்கிய ஆரம்ப காலப் பாட்டுக்களெல்லாம் அதில் வாசித்தவை. 1972இல் லண்டனில் நிறுத்தியிருந்த ஒரு வண்டியிலிருந்து அது களவு போயிற்று. 51 வருஷங்களுக்குப் பிறகு சில அன்பர்கள் கூடி, படங்களையும் அடையாளங்களையும் ஊரறிய வெளியிட்டுத் தேடினார்கள். யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்த பழைய கிதார் அதுதான் என்று தெரிந்தது. 2024 பிப்ரவரியில் செய்தி வெளியாயிற்று.

இவ்வளவு தூரம் கடல் கடந்து போவானேன்? படத்தின் மகிமைக்குக் கிளியனூரிலிருந்து பஸ் ஏறினால் அடுத்து வரும் புதுச்சேரியே சாட்சி. அங்குள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் 1955இல் ஏற்பட்டது. தென்னாட்டுக் கோயில்களில் உள்ள விக்கிரகங்களை அந்த நிறுவனத்தார் வெகு காலமாக ஊர் ஊராய்ப் போய்ப் படம் எடுத்து வந்தார்கள். அரியலூர்ப் பக்கத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராஜரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் காட்சிச்சாலை 50 லட்சம் டாலருக்கு வாங்கி வைத்திருந்தது. புதுச்சேரியில் இருந்த பழைய படம் அவர் எந்த ஊர்ச் சுவாமி என்பதைச் சொல்லிவிட்டது. 2014 செப்டம்பரில் நடராஜர் நாடு திரும்பினார். விக்கிரகத்துக்குச் செல்லுபடியான சாட்சி வாத்தியத்துக்கும் செல்லும்.

ஆகவே நாம் பையனிடம் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்லுகிறோம். முக்காலணா நோட்டுப் புத்தகம் என்று எழுத வந்தோம். இப்போது அந்த விலைக்கு ஒரு தாளும் கிடைக்காது. எதுவாயினும் ஒரு நோட்டு வேண்டும். கிதாரானால் வட்டத் துவாரத்தின் வழியே உள்ளே பார்த்தால் கம்பெனிச் சீட்டும் பல சமயம் வரிசை எண்ணும் தெரியும். மின்சாரக் கிதாரில் தலைப்பகுதியின் பின்புறமோ கழுத்துச் சேரும் இடத்திலோ இருக்கும். எண் இல்லாத வீணை, மிருதங்கம், நாகஸ்வரம் முதலியவற்றுக்கு நீளம், சுற்றளவு, மெட்டுக்களின் எண்ணிக்கை, கீறல், ஒட்டுப்போட்ட இடம் ஆகியவற்றை எழுத வேண்டும். மர ரேகைதான் எல்லாவற்றிலும் மேலான சாட்சி. இரண்டு மரம் ஒரே ரேகையோடு வளருவதில்லை. பகல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும், தழும்புகளை மிக அருகிலும் படம் எடுக்கலாம். (வாசிப்பவருடைய முகம் இந்தப் படத்தில் அவசியமில்லை.) உட்புறத்தில் வெளிக்குத் தெரியாத ஓரிடத்தில் பெயரெழுதிய சிறு காகிதத்தை ஒட்டலாம். ரசீதும் படங்களும் வாத்தியத்தின் உறைக்குள்ளேயே இருந்தால் திருடனுக்கு அவையும் சேர்ந்து போகும்!

பிரயாணத்தில் வாத்தியம் கையைவிட்டு அகலலாகாது. உஸ்தாத் அம்ஜத் அலி கானின் சரோத் 2014 ஜூனில் லண்டனிலிருந்து டில்லிக்கு வந்த விமானத்தில் தவறிப்போய், சில நாள் தவிப்புக்குப் பின்புதான் கிடைத்தது. அவ்வளவு பெரிய வித்வானுக்கே அந்தக் கதியென்றால், இரவு பஸ்ஸில் நம் பையன் எம்மாத்திரம்? ஒருகால் போயே போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கக்கூடாது. எந்தப் போலீஸ் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள நியாய சன்ஹிதையின்படி வீட்டிலும் பிரயாணிகள் வண்டியிலும் நடக்கும் திருட்டுக்கு ஏழு வருஷம் வரையில் தண்டனை உண்டு. களவுப் பொருளென்று அறிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதை வாங்குகிறவரும் குற்றவாளியே. பாதி விலைக்கு வாத்தியம் வருகிறதென்று சந்தோஷப்படுகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

பையனுடைய கிதார் கிடைக்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் புதுச்சேரியில் பழைய வாத்தியங்கள் விற்கும் ஒரு கடையில் வேறொன்று வாங்கி வந்தான். நோட்டுப் புத்தகத்தோடு நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அடையாளம் எழுத ஆரம்பித்தான். கைப்பேசி விளக்கை அடித்து உள்ளே பார்த்தவன் திடுக்கிட்டான். பென்சிலால் யாரோ ஒரு பெயர் எழுதியிருந்தது.

அன்றைக்கே இருவரும் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் பையன் கிதாரை மடியிலேயே வைத்திருந்தான். "வேறொருத்தர் பறிகொடுத்ததாயிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், சார்" என்றான், அதற்கப்புறம் பேசவில்லை. கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டி, விற்றவருடைய பெயரைக் காட்டினார். அதே பெயர்தான். எழுதி வாங்கிய சீட்டும் இருந்தது. நம் நிம்மதிக்காகக் கைப்பேசியில் அந்த நபரையே அழைத்துக் கொடுத்தார். கல்லூரிச் சம்பளம் கட்டுவதற்காகத் தாமே விற்றதாக அந்த இளைஞர் சொன்னார். பிறகு சற்றுத் தயங்கி ஒன்று கேட்டார்: "மூன்றாம் கம்பியில் ஐந்தாம் மெட்டை அழுத்தினால் ஒரு 'சிர்' சத்தம் வருமே, இன்னும் வருகிறதா?"

பையன் அங்கேயே உறையைப் பிரித்து, கம்பியை அழுத்திக் கைப்பேசிக்கு அருகில் மீட்டிக் காட்டினான். பிறகு நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டான்.