மலைப்பாறையும் ஒளியிழையும்

புதுக்கோட்டையினின்று திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலைக்கு அணித்தே ஒன்பது குன்றுகளாகப் பரந்து கிடக்கும் நார்த்தாமலையில், மேலமலையின் அடிவாரத்திலே நின்றுகொண்டு சிங்கப்பூரிலுள்ள மகனோடு கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும் தாயொருத்தி, அவனுடைய உருவமும் குரலும் ஆகாய மார்க்கமாகவே வந்து சேர்வதாக எண்ணுவாளாயின் அதில் வியப்பில்லை. ஆயினும் காற்றின் வழியே நிகழ்வது கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடைப்பட்ட சொற்பதூரப் பிரயாணமே. எஞ்சிய ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் பெரும்பகுதியை மண்ணுக்கடியிலும் கம்பங்களின் மேலும் கடலின் ஆழத்திலும் கிடக்கும் கண்ணாடியிழைதான் சுமக்கிறது.

அவ்விழையின் மூலப்பொருள் சிலிக்கா. இம்மலைகளைப் போன்ற கிரானைட் வகைப் பாறைகளிலும் ஏறக்குறைய 70 சதவீதம் சிலிக்காவே. ஆனால் பல கனிமங்களின் துகள்கள் நெருங்கிக் கலந்திருப்பதால் பாறை ஒளியைச் சிதறடித்து விழுங்கிவிடுகிறது. சாதாரணக் கண்ணாடியிலும் இரும்பு முதலிய அசுத்தங்கள் சிறிது தூரத்துக்குள்ளேயே ஒளியை மாய்த்துவிடும். அசுத்தத்தை நீக்கி, ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சுமாறு செய்தாலே செய்தி அனுப்பப் போதுமானது என்று 1966-இல் விஞ்ஞானி சார்லஸ் காவ் நிறுவினார். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1970-இல் அந்த எல்லையை எட்டிற்று. காவுக்கு நோபல் பரிசு 2009-இல் கிட்டியது. இன்றைய இழையிலோ 15 கிலோமீட்டர் சென்ற பின்னும் பாதி ஒளி மிஞ்சுகிறது! மேலுறை நீங்கலாக அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் எட்டிலொரு பங்கு. ஒளி ஓடும் உட்கருவோ 9 மைக்ரோமீட்டரே.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-இல் இயங்கத் தொடங்கிய ஐ டூ ஐ கடலடி வடம் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமுடையது. அத்தூரத்தை ஒளி 16 மில்லி வினாடியில் கடந்துவிடுகிறது. தந்திக் காலத்திலும் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பி சென்றதுண்டு.

கடலைக் கடந்தது பெரிதே. எனினும் கரையிலிருந்து கிராமத்தை அடைவதே கடினமான காரியம் என்பது என் அபிப்பிராயம். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஊரக இணையத்துக்கான பாரத்நெட் திட்டத்தின்கீழ் இணைக்கும் பணி தமிழ்நாடு கண்ணாடியிழை வலையமைப்புக் கழகத்தினுடையது. எங்கும் நிலத்தைத் தோண்டிப் புதைப்பது செலவும் சிரமமும் மிக்கதாதலால் — நார்த்தாமலை போன்ற பாறைநிலத்தில் எவ்வளவு சிரமம் என்று சொல்ல வேண்டியதில்லை — இழையின் பெரும்பகுதி மின்கம்பங்களின் வழியே இழுக்கப்படுகிறது. கம்பத்தின் விதியே இழையின் விதியுமாகிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கரைகடந்த கஜா புயலில் டெல்டா மாவட்டங்களோடு புதுக்கோட்டை மாவட்டமும் எண்ணற்ற மின்கம்பங்களை இழந்து பல நாட்கள் இருளில் ஆழ்ந்ததைக் கண்டவர்கள் இந்த அபாயத்தை எளிதில் உணர்வார்கள்.

சிதைவதும் அதைச் சீர்செய்வதும் இங்கே புதிதல்ல. நார்த்தாமலையின் மேலமலையிலுள்ள விஜயாலய சோழீச்சுரக் கோயிலின் கல்வெட்டொன்று, அக்கற்றளியைச் சாத்தன் பூதி கட்டினான் என்பதோடு நில்லாமல், மழையால் அது சிதைந்தபோது மல்லன் விடுமன் புதுப்பித்தான் என்றும் கூறுகிறது. பழுதுநீக்கியவனுடைய பெயரையும் கல்லில் பொறித்த அந்த மரபு எனக்கு மிகவும் உவப்பானது. ஏனெனில் வலையமைப்பு நாள்தோறும் உயிரோடிருப்பது, அதைத் திட்டமிட்டவர்களைக் காட்டிலும், அறுந்த இடத்தைத் தேடிச் செல்லும் தொழிலாளர்களால்தான்.

‘ஃபைபர் கட்’ என்று தகவல் வந்தவுடன் அவர்கள் இழையின் ஒரு முனையில் கருவியைப் பொருத்தி ஒளித்துடிப்பை அனுப்புகிறார்கள். ஒரு கிலோமீட்டர் சென்று மீள ஒளிக்கு 10 மைக்ரோ வினாடி ஆகுமாதலால், எதிரொளி திரும்பும் நேரத்தைக் கொண்டு அறுந்த இடம் சில மீட்டர் பிசகில் தெரிந்துவிடுகிறது. அங்கே சாலையோரத்தில் அமர்ந்து, இழையின் மேலுறையை உரித்து, ஆல்கஹாலால் துடைத்து, முனையைச் செங்குத்தாக வெட்டி, ஸ்ப்ளைசிங் இயந்திரத்தில் இரு முனைகளையும் நேர்நிறுத்தி, மின்பொறியால் உருக்கி ஒட்டுகிறார்கள். வெட்டில் சிறிது கோணல் இருந்தாலும், ஒரு தூசி ஒட்டியிருந்தாலும், இணைப்பில் ஒளி விரயமாகும். அவ்வாறாயின் மீண்டும் வெட்டி, மீண்டும் துடைத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். வடத்துக்குள் எத்தனை இழைகளோ அத்தனை முறையும் இதே கவனம் வேண்டியிருக்கிறது.