நரம்பில் ஏற்றும் நீரும் மருந்தே

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் டிரிப்ஸை நாங்கள் குறைக்கும்போதோ நிறுத்தும்போதோ, இடையஞ்சாவடி, மரக்காணம் பகுதிகளிலிருந்து வரும் உறவினர்கள் கவலையுறுவதுண்டு. அதற்கான காரணத்தை இங்கு விளக்குகிறோம்.

ஒரு லிட்டர் சலைனில் 9 கிராம் உப்பு உள்ளது. அதில் குளோரைடு 154 மில்லிமோல். இரத்தத்திலோ ஏறத்தாழ 100 மட்டுமே. எனவே சலைன் மிகுதியாக ஏறினால் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ரிங்கர் லாக்டேட்டில் குளோரைடு குறைவு. ஆயினும், தலையில் பலத்த காயமுற்றோருக்குச் சலைனையே தேர்கிறோம்.

எக்கரைசலாயினும் அளவு மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். கடுமையான டெங்குவில் 24 முதல் 48 மணி நேரம் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. பின்னர் அது தானே திரும்புகிறது. அப்போதும் டிரிப்ஸைத் தொடர்வது ஆபத்தாகும். ஆகவே இரத்த அழுத்தம், சிறுநீரின் அளவு, சுவாசம் ஆகியவற்றை அடிக்கடி கணித்தே அளவை முடிவு செய்கிறோம்.

நோயாளிக்கு முன்பே இதய நோயோ சிறுநீரக நோயோ இருப்பின் தெரிவியுங்கள். எங்களைக் கேளாமல் இளநீரோ கஞ்சியோ கொடுக்காதீர்கள். டிரிப்ஸின் வேகத்தை நீங்களே மாற்றாதீர்கள். மூச்சு வாங்கினாலோ முகம், கால் வீங்கினாலோ உடனே செவிலியரை அழையுங்கள்.