தங்கம் கொடுத்து வாங்கிய ரயில்

கேரளத்தில் எர்ணாகுளம் உயர்நீதிமன்றத்துக்கு அருகில் ஒரு பழைய ரயில் நிலையம் இருக்கிறது. இப்போது அங்கே பயணிகள் வண்டி வருவதில்லை. ஆனால் அந்த ஊருக்கு முதலில் ரயில் வந்தது இங்கேதான்.

சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு 1862-லேயே ரயில் ஓடியது. அது ஷொரணூர் வழியாகப் போனது. கொச்சிப் பக்கம் வரவில்லை.

அப்போது கொச்சி தனி அரசு. ராமவர்மா அதன் மன்னர். ஷொரணூரிலிருந்து எர்ணாகுளத்துக்குப் பாதை போட நினைத்தார். தூரம் சுமார் 100 கிலோமீட்டர். பணத்துக்கு என்ன செய்வது?

திருப்பூணித்துறைக் கோயிலில் யானைகளுக்குக் கட்டும் தங்க நெற்றிப்பட்டங்கள் 15 இருந்தன. அவற்றில் 14 பட்டங்களை மன்னர் விற்றார். அந்தப் பணமும் பாதைக்கு உதவியது. 1902 ஜூலையில் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது.

வைக்கத்தில் கோயில் தெருவில் நடக்க எல்லோருக்கும் உரிமை கேட்டுப் போராட்டம் நடந்தது. 1925-ல் அங்கே போகும் வழியில் காந்தியடிகள் இந்த நிலையத்தில் இறங்கினார்.

பின்னர் வில்லிங்டன் தீவில் துறைமுகம் வந்தது. ரயில் பாதை வேறு பக்கமாக அங்கே நீண்டது. அந்தப் பாதையில் புது நிலையங்கள் வந்தன. பழைய நிலையம் ஒரு கிளைப் பாதையின் முனையில் ஒதுங்கிவிட்டது. உள்ளே வரும் வண்டி வந்த வழியே திரும்ப வேண்டும். நாளடைவில் பயணிகள் வண்டி நின்றது. பிறகு சரக்கு வண்டியும் நின்றது.

தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்காக இங்கிருந்து புறநகர் வண்டி விட வேண்டும் என்று மக்கள் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தானே? ஊர்க் கோயிலின் தங்கம் இந்தப் பாதையில் இருக்கிறது.