தப்பின் தோலை மாற்றலாமா?

தோற்கருவி ஒன்றின் தோலை அகற்றி, அவ்விடத்தில் பிளாஸ்டிக் தகட்டைப் பொருத்திவிட்டால், பின்னர் அது அதே கருவிதானா? தமிழ்நாட்டில் கன்றுத்தோற் பறைக்குப் பதிலாக இரும்பு வளையமும் செயற்கைத் தோலும் கொண்ட பறைகள் இன்று மேடைதோறும் முழங்குகின்றன. நெருப்பு வேண்டாம், மழைக்கு அஞ்ச வேண்டாம், எடுத்தவுடன் அடிக்கலாம். ஹற்றனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் தப்பைக் கையிலெடுக்கும் இளைஞருக்கு இது வெறும் நாகரிகக் கேள்வியன்று. மலைநாட்டின் ஈரமே அவர்களை அக்கேள்விக்கு முன் கொண்டுவந்து நிறுத்துகின்றது.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பது. பகலிலேயே மூடுபனி இறங்கும் ஊர் அது. விலங்குத் தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உறிஞ்சிய தோல் கனக்கும், தளரும். விறைப்புக் குறைந்து கனம் கூடினால் சுருதி இறங்கும். சமவெளியில் ஒருமுறை காய்ச்சி நெடுநேரம் அடிக்கக்கூடிய தப்பு, இங்கே பனி இறங்கிய இரவில் அடிக்கடி நெருப்பைத் தேடும். காய்ந்த புல், பழைய தாள், கவ்வாத்து மிலாறு என எது கிடைக்கின்றதோ அதை மூட்டிச் சுற்றி நிற்பர். தோலின் முகத்தை அனலுக்குக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடியும் காட்டுவர். அனல் மிகுந்தால் தோல் வெடித்துவிடும். குறைந்தால் ஓசை எழாது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள அளவை எந்தப் புத்தகமும் கற்பிப்பதில்லை. நெருப்பைச் சுற்றி நிற்கும் பெரியவரின் முகக்குறிப்பிலிருந்து சிறுவன் கற்றுக்கொள்ள வேண்டியது அது.

தப்பு என்ற பெயரைக் கேட்டதும் சில மாணவர் சிரிப்பர். பிழை என்பதும் அச்சொல்லுக்குப் பொருளாயிற்றே! ஆயினும் தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களைத் தொகுத்தபோது தெய்வம், உணா, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தெண்ணினார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். நிலத்துக்கு ஒரு பறை என்பது நம் இலக்கணத்தின் துணிபு. கோப்பியும் தேயிலையும் படர்ந்த இம்மலைக்கு எது பறை என்று கேட்டால், தப்பு என்பதன்றி வேறு விடை கிடையாது.

அப்பறை இம்மலையில் கொட்டத் தொடங்கியது விழாவுக்காக மட்டுமன்று. விடியுமுன்னே லயங்களில் உறங்கியவர்களை எழுப்பிப் பிரட்டுக் களத்துக்கு அழைத்ததும் தப்பொலிதான். மலைநாட்டுக் கவிஞரும் 1947 பாராளுமன்றத்தில் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராயிருந்தவருமான ஸி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதைக்கு அந்த விடியற்காலை முழக்கத்தையே வாயிலாக வைத்தார். துரைத்தனத்தின் கட்டளையைச் சுமந்த அதே தோல், மாசி மாதத்தில் காமன் பொட்டலில் மன்மதனுக்காகவும் ரதிக்காகவும் அதிர்ந்தது. பொன்னர் சங்கர் கதைக்கும் அருச்சுனன் தபசுக்கும் அதிர்ந்தது. சாவு வீட்டிலும் அதிர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. தொலைவிலுள்ள மலைச்சரிவில் நிற்பவன் கேட்டமாத்திரத்தில் நடப்பது இன்னதென்று அறிந்துகொள்வான்.

கருவியின் உறுப்பை மாற்றலாமா என்ற விவாதம் உலகில் வேறெங்கும் இல்லையென்று எண்ண வேண்டாம். மின்சாரக் கிற்றார் உலகில் இது தீராத வழக்கு. 1951-இல் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் வெளியிட்ட பேஸ் கிற்றாரை எடுத்துக்கொள்வோம். அதன் தந்திகளுக்கு அடியில் காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய ஓர் உறுப்பு உண்டு. பிக்கப் என்பது அதன் பெயர். தந்தி அதிரும்போது காந்தப் புலம் கலைந்து கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கின்றது. ஒலிபெருக்கியில் நாம் கேட்பது அதனைத்தான். சுற்றின் எண்ணிக்கையும் காந்தத்தின் வலுவும் மாறினால் குரலும் மாறும். 1970-களில் டிமார்சியோ, சீமோர் டங்கன் முதலிய நிறுவனங்கள் மாற்றுப் பிக்கப்புகளைச் செய்து விற்கத் தொடங்கின. பழைய கருவியை வைத்திருப்போர் இரண்டு கட்சியாயினர். வாசிக்கத்தானே கருவி, நல்ல ஓசை வருமாறு மாற்றிக்கொள் என்றது ஒரு கட்சி. தொழிற்சாலையில் வைத்த பற்றாசைக்கூடத் தொடாதே என்றது மற்றது. அவர்களிடையே அனுபவசாலிகள் கைக்கொள்ளும் ஒரு வழக்கம் நமக்குப் பயன்படும். மாற்றுவதானால் மரத்தைக் குடையாதே. கழற்றிய பழைய உறுப்பை எறியாமல் பெட்டியிலேயே பத்திரப்படுத்து. வேண்டும்போது திரும்பப் பொருத்தலாம்.

தப்புக்கு இவ்வழக்கம் நேராகப் பொருந்தாது. கிற்றாரின் பிக்கப் அறுபது ஆண்டானாலும் அப்படியே இருக்கக்கூடும். தப்பின் தோலோ கிழிந்து கிழிந்து புதுப்பிக்கப்படுவது. பாட்டன் வைத்துச் சென்ற தப்பென்று ஒருவர் காட்டினால், மரவளையம் பாட்டனுடையது, தோல் நேற்றையது. ஆகவே ஆதித்தோல் என்று காப்பதற்கு ஒன்றுமில்லை. தோலை மாற்றுவது மரபுக்கு விரோதமாயின், மரபே அவ்விரோதத்தைக் காலமெல்லாம் செய்துவந்திருக்கின்றது!

எனவே நாம் கேட்க வேண்டியது, தோலை மாற்றும்போது அதனுடன் வேறு எவை மாறுகின்றன என்பதே.

தமிழ்நாட்டு மரபில் பறையின் வளையம் வேம்பு போன்ற மரத்தின் வளைந்த துண்டுகளை இணைத்துச் செய்வது. தோலைப் புளியங்கொட்டைப் பசையால் அதன்மேல் ஒட்டிக் காயவிடுவர். செயற்கைத் தகடு அப்பசைக்கு இணங்காது. அதனை விறைப்பாக்கத் திருகாணிகள் வேண்டும். திருகாணியின் இழுப்பைத் தாங்க இரும்பு வளையம் வேண்டும். இரும்பு வந்ததும் தோளிலும் இடக்கையிலும் சுமை மாறுகின்றது. ஒன்றை மாற்றப் புகுந்து மூன்றை மாற்றிவிட்டோம். ஓசையும் வேறு. விலங்குத் தோல் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருப்பது. மேல்நாதங்களைத் தனக்குள்ளேயே அடக்கி, வட்டமான கனத்த ஒலியைத் தருவது. பொலியெஸ்டர் தகடு எங்கும் ஒரே தடிப்புடையது. அதன் ஒலி கூர்மையாய் எழுந்து நெடுநேரம் நிற்கும். வலக்கையின் அடிகுச்சி எழுப்பும் முழக்கத்துக்கும் இடக்கையின் சுண்டுகுச்சி இடும் நுண்ணிய சொல்லுக்கும் நடுவே காது கண்ட வேற்றுமை இதனால் மங்குகின்றது. 1956, 1957 ஆண்டுகளில் அமெரிக்காவில் எவன்ஸ், ரெமோ என்போர் இத்தகடுகளை முரசுகளுக்குக் கொண்டுவந்தபோது அங்குள்ள வாத்தியக்காரரும் இவ்வாறே முறையிட்டனர். எனினும் மழையிலும் வெயிலிலும் சுருதி நிற்கும் வசதி வென்றது.

மாற்றம் என்றாலே முகஞ்சுளிப்பவனல்லேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியுடன் சேர்ந்து நீண்ட பாரி நாகஸ்வரத்தை உருவாக்கியதனால் அல்லவோ சுத்த மத்தியமம் அக்கருவியில் சுகமாக அமைந்தது! மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாவது தந்தியும் சேர்த்து, மின்சார மாண்டலினில் கமகத்தை வரவழைத்தார். இவ்விருவரும் கருவியை மாற்றியது, மனத்திலிருந்த ராகத்தைக் கருவி பாட மறுத்ததனால். நம் தப்புக்காரரின் மனத்தில் உள்ள எந்த அடியைத் தோல் பாட மறுத்தது? அப்படியொன்றும் இல்லை. மறுத்தது வானிலை. மற்றொன்று, நெருப்புமூட்டிக் காத்திருக்கப் பொறுமையற்ற மேடை நிகழ்ச்சி நிரல்.

இன்னொரு காரணமும் உண்டு. நம்மவர் அதனை வெளிப்படையாகப் பேசுவதில்லை. தப்படிப்பது ஒரு சாதிக்கு விதித்த தொழிலாய், தோலைத் தொடுவது இழிவாய்க் கருதப்பட்ட வரலாற்றை மலைநாடும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது. தோல் போய்ப் பிளாஸ்டிக் வந்தால் அவ்விழிவும் போகுமென்று சில பெற்றோர் எண்ணுகின்றனர். பாடசாலை விழாவில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தப்பைத் தோளில் மாட்டுவதற்கு அந்த வெள்ளைத் தகடு துணைசெய்யுமானால் அதனை நான் பழிக்கமாட்டேன். ஆனால் சாவு வீட்டுக்கு அதே குடும்பத்தையே அழைத்து, முற்றத்துக்கு வெளியிலேயே நிறுத்தி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போ என்பதானால், கையிலிருப்பது கன்றுத்தோலாயினும் பொலியெஸ்டராயினும் என்ன? இழிவு தோலில் ஒட்டியிருந்ததன்று, அழைத்தவரின் கண்ணில் இருந்தது.

ஆதலால் என் கருத்து இது. பயிற்சிக்கும், மழைக்கால ஊர்வலத்துக்கும், நாற்பது பிள்ளைகள் ஒருசேரக் கற்கும் பாடசாலைக்கும் செயற்கைத் தப்பு வரட்டும். காமன் பொட்டலுக்கும் பொன்னர் சங்கருக்கும் தோற்றப்பு இருக்கட்டும். அங்கே நெருப்புக் காய்ச்சும் இடைவேளை கூத்துக்கு இடையூறன்று. கூத்தாடிக்கு மூச்சு, சிறுவனுக்குப் பாடம். பழைய மரவளையத்தை அறுத்து ஆணி துளைப்பதை மட்டும் எவரும் செய்யவேண்டாம். பிளாஸ்டிக் வேண்டுவோர் புதிய இரும்பு வளையத்தை வாங்கலாம். மரத்தை ஈரம் புகாத இடத்தில் தூக்கி மாட்டலாம். தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் இன்னும் ஒன்று செய்யலாம். தங்கள் தோட்டத்து முதியவரை அழைத்து, பிரட்டு அடி, சாமி அடி, சாவு அடி ஆகியவற்றைத் தோற்றப்பிலேயே அடிக்கச் சொல்லி ஒலிப்பதிவு செய்வது. இக்காலக் கைத்தொலைபேசியே அதற்குப் போதும். பிரட்டு அடியைக் கடமையாக அடித்த கைகள் இப்போது மிகச் சிலவே, அவற்றுக்கும் வயதாகிவிட்டது.